மஞ்சள் குடைக்கு உயர்த்திய கை

டுலூத், மினசோட்டா
11 மே 1997

அன்புள்ள அப்பா,

போனில் பேசினால் நீங்கள் "என்ன? என்ன?" என்பீர்கள், நான் கத்துவேன், தொட்டிலில் இங்கா விழித்துக்கொள்வாள். ஐம்பது வருடம் பந்தயப் படகில் அலறும் எஞ்சினுக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து நீங்கள் சம்பாதித்த செவிடு அது. அதனால்தான் கடிதம்.

நேற்று லைல் மாமா கூப்பிட்டார். குழந்தையை விசாரித்துவிட்டு, பேச்சுவாக்கில், "உங்கப்பன் மறுபடியும் எஞ்சினைப் பிரிச்சுப் போட்டுட்டான் மரிட். வயித்துல அவ்வளவு பெரிய தையல் போட்டும் புத்தி வரலையே அவனுக்கு" என்றார்.

"என்ன தையல்?" என்றேன்.

ரிசீவர் எதிலோ இடித்த சத்தம். பிறகு, "ஐயோ, உன்கிட்ட சொல்லலையா? போச்சு. என்னை ஏரியில தள்ளிடுவான்."

எல்லாவற்றையும் அவரிடமிருந்து பிடுங்கித் தெரிந்துகொண்டேன். போன செப்டம்பர் பந்தயத்தில் முதல் வளைவில் படகு புரண்டது. உங்களோடு பக்கத்துப் படகை ஓட்டிவந்த ஸ்ட்ரோமும் தண்ணீரில் விழுந்தான். நீங்கள் கையை உயர்த்தினீர்கள். தண்ணீரில் விழுந்தவர் கையை உயர்த்தினால் 'எனக்கு ஒன்றுமில்லை' என்று அர்த்தம். எனக்கு ஏபிசிடி வருவதற்கு முன்பே நீங்கள் சொல்லிக் கொடுத்தது. கையைப் பார்த்த மீட்புப் படகு உங்களைத் தாண்டி ஸ்ட்ரோமிடம் போனது. நீங்கள் நீந்திக் கரையேறி, படகை டிரெய்லரில் ஏற்றி, நீங்களே ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய், சில நாள் கழித்துப் படகுக் கொட்டகைத் தரையில் விழுந்து கிடந்தீர்கள். உள்ளே மண்ணீரல் கிழிந்து ரத்தம் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. லைல் மாமா ப்ரொப்பல்லர் வாங்க வராமல் இருந்திருந்தால்?

அந்த வாரம் எனக்கு வந்த அட்டையில் நீங்கள் எழுதியது: "கொஞ்சம் ஜலதோஷம். மற்றபடி இங்கே எல்லாம் நலம்."

இந்த வருடம் படகில் ஏறாதீர்கள் அப்பா. வேறொன்றும் கேட்கவில்லை.

மரிட்

*

லூன் ஏரி, விஸ்கான்சின்
19 மே

மரிட்டுக்கு,

லைல் வாயை அடைக்க ஒரு கார்க் தேடிக்கொண்டிருக்கிறேன். அளவு கிடைக்கவில்லை.

மண்ணீரல் இல்லாமலும் ஆள் வாழலாம் என்று டாக்டரே சொன்னார். வேண்டாத கனம் குறைந்தால் படகுக்கு நல்லதுதானே என்றேன். அவர் சிரிக்கவில்லை.

உனக்கு அப்போது வயிற்றில் ஆறு மாதம். அதைப் போய் உனக்கு எழுதவா? நீ என் இடத்தில் இருந்தால் எழுதியிருப்பாயா?

இன்னொன்று. ஸ்ட்ரோம் முகம் கவிழ்ந்து மிதந்தான். நான் கையைத் தூக்காமல் இருந்திருந்தால் மீட்புப் படகு நடுவழியில் தயங்கியிருக்கும், யாரிடம் முதலில் போவதென்று. அவனுக்கு இப்போது ஒரு மகன் பிறந்திருக்கிறான். லைல் இதைச் சொன்னானா? சொல்லியிருக்க மாட்டான்.

எனக்கு அப்போது வலிக்கவே இல்லை. தண்ணீர் குளிராக இருந்தால் ஒன்றும் தெரியாது.

செப்டம்பரில் வரும் தொழிலாளர் தினத்துக்கு முந்தின ஞாயிறு, வழக்கம்போல் பந்தயம். பதினாறு வயதில் முதல் தடவை போனேன். ராணுவத்தில் இருந்த இரண்டு வருடம் தவிர ஒன்றையும் விட்டதில்லை. இந்த வருடம் படகின் மூக்கைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன், காற்றில் அவ்வளவு எழும்பாது. இங்காவைக் கூட்டிக்கொண்டு வா. கொட்டகைக்குப் பின்னால் ருபார்ப் செடி நன்றாக வந்திருக்கிறது. உன் அம்மா இருந்தவரை ஒருநாளும் போகாதீர்கள் என்று சொன்னதில்லை.

இங்கே எல்லாம் நலம்.

அப்பா

*

டுலூத்
2 ஜூன்

அப்பா,

அம்மா போகாதீர்கள் என்று சொன்னதில்லை. ஏனென்றால் அம்மா பார்த்ததே இல்லை.

உங்களுக்கு இது தெரியுமா என்று எனக்குத் தெரியாது. எஞ்சின்கள் கிளம்பும்வரை அம்மா எல்லோரோடும் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பாள். கரைக் கடிகாரத்தின் முள் ஓடத் தொடங்கியதும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்வாள். முதுகு ஏரிக்கு, முகம் கார்களுக்கு. மடியில் பின்னல் ஊசி. என்னை மட்டும் ஏரியைப் பார்க்க நிறுத்தி வைப்பாள். யாராவது "புரண்டுட்டான்!" என்று கத்தினால் ஊசி நின்றுவிடும். திரும்ப மாட்டாள். "யாரு? அப்பாவா? கை தெரியுதா மரிட்? கை தெரியுதா?"

எனக்கு ஐந்து வயது. ஆறு வயது. ஏழு வயது. அம்மாவின் கண் நான்தான்.

ஒருமுறை கை தெரியவே இல்லை. நுரை, எண்ணெய்ப் புகை, கவிழ்ந்து கிடந்த படகின் வெள்ளை அடிப்பாகம், அவ்வளவுதான். அம்மாவின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. "தெரியுது அம்மா," என்றேன். அப்புறம்தான் கை வந்தது. அதுவரை நான் எங்கே இருந்தேன் என்று எனக்கே தெரியாது.

அன்று முதல் அந்தக் கையை நான் வேதவாக்கு மாதிரி நம்பினேன். நீங்கள் விழுந்ததற்காகக் கோபப்படவில்லை அப்பா. இத்தனை வருடமாக எத்தனை முறை அந்தக் கை பொய் சொன்னது என்று இப்போது எண்ண வேண்டியிருக்கிறது. அதற்குத்தான் கோபம்.

இங்கா தூங்கும்போது நான் தூங்குவதில்லை. தொட்டிலருகே நிற்கிறேன். போர்வைக்கு வெளியே அவள் கை அசையும்வரை நகர முடியவில்லை. அசைந்ததும் போகிறேன், கதவுவரை. மறுபடி வந்து நிற்கிறேன். உங்கள் மாப்பிள்ளை வெண்டல் இரும்புத் தாதுக் கப்பலில் வேலைக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது. யாரிடம் சொல்ல? கல்லூரியில் படித்த உளவியல் புத்தகமெல்லாம் அலமாரியில்தான் இருக்கிறது, எனக்கு ஒரு வரி உதவவில்லை.

நீங்கள் படகில் ஏறினால் நான் இங்காவைக் கூட்டிக்கொண்டு வரமாட்டேன். அந்தக் கரையில் இன்னொரு பெண்பிள்ளையை நிறுத்த மாட்டேன். இந்த வருடம் மட்டும் இல்லை, என்றைக்குமே.

மரிட்

*

லூன் ஏரி
16 ஜூன்

மரிட்டுக்கு,

உன் இஷ்டம்.

படகின் அடிப்பாகத்தைத் தேய்த்து முடித்துவிட்டேன். வார்னிஷ் காய ஈரமில்லாத நாள் வேண்டும், மழை விடவில்லை.

உன் அம்மா திரும்பி உட்கார்ந்தது எனக்குத் தெரியாது. தண்ணீரிலிருந்து பார்த்தால் கரையில் ஆள் தெரியாது. நிறம்தான் தெரியும். அவள் மஞ்சள் குடை தெரியும். கையைத் தூக்குவது மீட்புப் படகுக்கு என்று நீ நினைத்திருந்தால், அது தப்பு. நான் ஒருநாளும் படகுக்காரர்களைப் பார்த்துத் தூக்கியதில்லை. மஞ்சளைத் தேடித்தான் தூக்குவேன்.

ஒருமுறை வலது தோள் கழன்றுவிட்டது. இடது கையைத் தூக்கினேன். வித்தியாசம் யாருக்கும் தெரியவில்லை. வண்டியில் வரும்போது உன் அம்மா கேட்டாள், "ஏன் ஒரு கையால ஓட்டுறீங்க?" பாட்டு கேட்கிறேன், தாளம் போட ஒரு கை வேண்டும் என்றேன். நீ பின்சீட்டில் சிரித்தாய்.

கை தெரிகிறது என்று நீ பொய் சொன்னது எந்த வருடம்? பெட்ரோலில் ஆமணக்கெண்ணெய் கலந்து ஓட்டத் தொடங்கிய வருடமா? அன்று என் கால் ஸ்டீயரிங் கம்பியில் சிக்கியிருந்தது. தண்ணீருக்குள் இருந்தேன். எனக்கும் அந்த நேரம் நீளமாகத்தான் இருந்தது.

இங்கே எல்லாம் நலம்.

அப்பா

*

டுலூத்
9 ஜூலை

அப்பா,

ஆமாம், அந்த வருடம்தான். உங்கள் சட்டையிலிருந்து கருகிய ஆமணக்கெண்ணெய் வாசம் வந்தது. அதை முகர்ந்துகொண்டே உங்கள் மடியில் தூங்கிப்போனேன்.

உங்கள் கடிதம் வந்து நாளாகிறது. பதில் எழுத உட்காருவேன், இங்கா அழுவாள், எழுந்து போவேன். அவள் அழாதபோதும் எழுந்து போவேன்.

போன வாரம் அவளுக்குத் தடுப்பூசி. நர்ஸ் நல்ல பெண், ஃபின்லாந்துக்காரக் குடும்பம், பெயர் ஐலி. குழந்தையை எடை போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "குழந்தை ஜோரா இருக்கா. அம்மா எப்படி? தூக்கம் வருதா?"

"ஓ, நல்லா இருக்கேன்," என்றேன்.

எப்படிச் சொன்னேன் தெரியுமா? சிரித்துக்கொண்டு, கையை இப்படி மேலே தூக்கி, ஈ ஓட்டுவது போல. காரில் வந்து உட்கார்ந்த பிறகு அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் கை அப்பா. அச்சு அசல்.

அன்று காலையில்தான் பால் புட்டியைக் கொதிக்க வைத்த அடுப்பை அணைத்தேனா இல்லையா என்று பாதி வழியிலிருந்து மூன்று தடவை திரும்பி வந்திருந்தேன். அவளைக் குளிப்பாட்டவே பயமாக இருக்கிறது, தண்ணீரில் நழுவிவிடுவாளோ என்று. இதையெல்லாம் ஐலியிடம் சொல்லியிருக்கலாம். அவள் கேட்டாளே.

அதனால் பேரத்தைக் கொஞ்சம் மாற்றுகிறேன். படகில் ஏறாதீர்கள் என்று இனிச் சொல்லமாட்டேன். சொன்னாலும் கேட்கப்போவதில்லை, உங்களுக்குத்தான் காது இல்லையே. ஒன்றே ஒன்று. விழுந்து, எங்காவது வலித்தால், மூச்சு சரியில்லை என்று தோன்றினால், கையைத் தூக்காதீர்கள். தண்ணீருக்குள்ளேயே வைத்திருங்கள். அவர்கள் வரட்டும். இதற்குச் சம்மதம் என்று எழுதுங்கள், நான் இங்காவோடு வருகிறேன். ஏரியைப் பார்த்தே உட்காருவேன்.

மரிட்

*

லூன் ஏரி
28 ஜூலை

மரிட்டுக்கு,

நீ கேட்பது சின்ன விஷயம் இல்லை.

கை எழும்பாவிட்டால் கரையில் சிவப்புக் கொடி. கொடி காட்டிவிட்டால் எல்லா எஞ்சினும் அணைய வேண்டும். முன்னால் போனவன், பின்னால் போனவன் எல்லோரும் கரைக்குத் திரும்பி முதலிலிருந்து. வேகத்தைக் கடிகாரத்தோடு பொருத்தி முள் உச்சிக்கு வரும் கணத்தில் கோட்டைத் தாண்டியவன் ஒருத்தன் இருப்பான். அந்த மாதிரி தொடக்கம் ஒருத்தனுக்கு வாழ்நாளில் சில தடவைதான் வாய்க்கும். அது போய்விடும். யாரால்? தண்ணீரில் சும்மா மிதக்கிற கிழவனால்.

திட்டமாட்டார்கள். அதுதான் மோசம். முதுகில் தட்டுவார்கள்.

ஐம்பது வருடத்தில் நான் ஒரு பந்தயத்தையும் நிறுத்தியதில்லை. காலர் எலும்பு உடைந்தவன், பல் போனவன், எல்லோரும் கையைத் தூக்கித்தான் பார்த்திருக்கிறேன். எட் சோரன்சன் கையைத் தூக்கிவிட்டு மயங்கினான். தூக்கியபடியே. கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. நாங்கள் அதைச் சொல்லிச் சிரிப்போம். உன் கடிதத்துக்குப் பிறகு யோசித்துப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை.

ஆனாலும் வாக்குக் கொடுக்க மாட்டேன். கொடுத்துவிட்டு மீறினால் நீ என்னை மன்னிக்க மாட்டாய். அந்தக் கை நான் சொல்லித் தூக்குவது இல்லை மரிட். அதுவாகவே எழும்புகிறது.

நீ அந்த நர்ஸிடம் திரும்பிப் போ. என் மகள் குழந்தையைக் குளிப்பாட்டப் பயப்படுகிறாள் என்று படித்ததிலிருந்து எனக்கு வார்னிஷ் பூசக்கூடக் கை வரவில்லை. லைலிடம் சொன்னேன். "அப்பனுக்கு ஏத்த பொண்ணு. ரெண்டு பேரும் முழுகிட்டே டாட்டா காட்டுவீங்க" என்றான். அடிக்கப் போனேன். அப்புறம் இரண்டு பேரும் வெள்ளிக்கிழமை மீன் வறுவல் சாப்பிடப் போனோம். அவன் தட்டில் பாதி மீன் மிச்சம். லைல் மிச்சம் வைத்து நான் பார்த்ததில்லை.

முதலில் நீ கையைக் கீழே போடு. அப்புறம் என்னிடம் கேள்.

இங்கே எல்லாம்

அப்பா

*

டுலூத்
21 ஆகஸ்ட்

அப்பா,

"இங்கே எல்லாம்" என்று எழுதி நிறுத்திவிட்டீர்கள். உறையைக் கவிழ்த்து உதறிப் பார்த்தேன், மீதி விழுந்திருக்குமோ என்று.

போனேன். ஐலி, "என்ன, ஊசி அடுத்த மாசம்தானே?" என்றாள். நான் வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. வரிசையில் நின்ற எல்லோரும் பார்த்தார்கள். ஒரு பெரியவர் தன் கைக்குட்டையை நீட்டினார், நன்றாகவே கசங்கியிருந்தது. ஐலி குழந்தையை வாங்கிக்கொண்டு என்னை உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்து, "இப்ப சொல்லு. நிதானமா சொல்லு. எனக்கு வேற வேலை இல்ல" என்றாள். வெளியே அத்தனை பேர் காத்திருந்தார்கள்.

டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். வாரத்துக்கு ஒருமுறை ஆலோசனை சொல்லும் ஒரு அம்மாளிடம் போய்ப் பேசுகிறேன். வெண்டலின் கம்பெனிக்கு ஐலியே போன் செய்தாள். அவர் அடுத்த துறைமுகத்தில் இறங்கி பஸ் பிடித்து வந்துவிட்டார். நேற்று அவரும் நானும் சேர்ந்து இங்காவைக் குளிப்பாட்டினோம். அவள் கழுத்தை நான்தான் தாங்கினேன். அவள் தண்ணீரை அடித்து எங்கள் இரண்டு பேர் முகத்தையும் நனைத்தாள்.

சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். இன்னும் ஆகவில்லை.

என் கை கீழே இருக்கிறது அப்பா. இனி உங்கள் முறை. வாக்கு வேண்டாம். நாங்கள் மூன்று பேரும் வருகிறோம். அம்மாவின் குடை கொட்டகை உத்தரத்தில் செருகியிருக்கும், எடுத்துத் தூசி தட்டி வையுங்கள்.

மரிட்

*

டுலூத்
8 செப்டம்பர்

அப்பா,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். ஆஸ்பத்திரியில் நீங்கள் பாதி நேரம் தூக்கத்தில், மீதி நேரம் ஆக்சிஜன் மாஸ்க்கில். பேச முடியவில்லை. கரையில் என்ன நடந்தது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

தொடக்கம் அழகாக இருந்தது. முள் உச்சியைத் தொட்டதும் நீங்கள்தான் முதலில் கோட்டைத் தாண்டினீர்கள். லைல் மாமா தொப்பியைத் தூக்கிப் போட்டார். "பாருடா கிழவனை!" இரண்டாவது சுற்றின் நேர்ப்பாதையில் காற்று மாறியது. படகின் மூக்கு எழும்பியது, இன்னும் எழும்பியது, அப்புறம் காகிதம் போல மேலே போய்விட்டது. படகு ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம்.

நான் திரும்பவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன்.

ஆரஞ்சு ஹெல்மெட் தெரிந்தது. கை தெரியவில்லை.

"கை எங்கே மரிட்?" என்றார் வெண்டல். இங்காவை நெஞ்சோடு அணைத்திருந்தார்.

"வேணும்னுதான் தூக்கல," என்றேன்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

எனக்குத் தெரியாது. நீங்கள் வாக்குக் கொடுக்கவில்லையே. வாழ்நாள் முழுக்க எதற்குப் பயந்தேனோ அதுவே கண் முன்னால் நடந்துகொண்டிருந்தது. நான்தான் அதை உங்களிடம் கேட்டு வாங்கினேன். கையைத் தூக்குங்கள் அப்பா என்று கத்தலாம் போலிருந்தது. ஒரே ஒரு தடவை, பொய்யாகவாவது.

அப்புறம் சிவப்புக் கொடி. எஞ்சின்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. பந்தய நாளில் அந்த ஏரி அவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதில்லை. மீட்புப் படகு நேராக உங்களிடம் போனது, எங்கும் தயங்கவில்லை. தண்ணீரில் குதித்த ஆள் நிமிர்ந்து கரையைப் பார்த்து ஏதோ கத்தினான். லைல் மாமாதான் கேட்டுச் சொன்னார்: "பேசுறானாம்! திட்டுறானாம்!"

அப்போதுதான் உட்கார்ந்தேன். நாற்காலியில் இல்லை, தரையில்.

எனக்கு ஒன்று மட்டும் எழுதுங்கள். இப்போது எப்படி இருக்கிறீர்கள்?

மரிட்

*

லூன் ஏரி மருத்துவமனை
13 செப்டம்பர்

மரிட்டுக்கு,

மெதுவாக எழுதுகிறேன். விலாவில் குழாய் இருக்கிறது, சாய்ந்தால் இழுக்கிறது.

தண்ணீரில் விழுந்ததும் மூச்சு உள்ளே போகவில்லை. வலது பக்கம் ஏதோ குத்தியது. மஞ்சளைத் தேடினேன். இருந்தது. உடனே கை எழும்பிவிட்டது. முழங்கைவரை வந்துவிட்டது மரிட். நான் இன்னொரு கையால் அதைப் பிடித்துக் கீழே இழுத்தேன். இரண்டு கையையும் தண்ணீருக்குள், தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டு மிதந்தேன். ஐம்பது வருடத்தில் நான் செய்த வேலைகளிலேயே கஷ்டமானது அதுதான். மேலே மஞ்சள் குடை நிற்கிறது, நான் பதில் சொல்லாமல் கிடக்கிறேன்.

எனக்குக் கொடியும் தெரியவில்லை, எஞ்சின் அணைந்த சத்தமும் கேட்கவில்லை. நெஞ்சில் தண்ணீரின் அதிர்வு ஒவ்வொன்றாக நின்றது. அதில்தான் தெரிந்துகொண்டேன், எனக்காக எல்லோரும் நின்றுவிட்டார்கள் என்று.

உடைந்த விலா எலும்பு நுரையீரலைக் கிழித்திருக்கிறது. இன்னும் கொஞ்சம் நேரம் ஆகியிருந்தால் என்று டாக்டர் தொடங்கினார். காது கேட்காதது போல இருந்துவிட்டேன்.

எனக்கு அடுத்து இரண்டாவதாக வந்துகொண்டிருந்தவன் ஸ்ட்ரோம். நேற்று பார்க்க வந்தான். காகிதத்தில் எழுதிக் காட்டினான்: "கிழவா, நான் உன்னைப் பிடிச்சிருப்பேன். என் ஜெயத்தைக் கெடுத்துட்ட." கையெழுத்துப் போட்டுவிட்டு முதுகில் தட்டினான். நான் பயந்த அளவுக்கு அது மோசமாக இல்லை.

படகைப் பற்றி இப்போது கேட்காதே. அதைப் பற்றி நான் இன்னும் முடிவு செய்யவில்லை. லைல் அதற்குத் தார்ப்பாய் போட்டுவிட்டானாம்.

நீங்கள் கிளம்பிய அன்று இங்கா என் கட்டிலைப் பார்த்து இரண்டு கையையும் மேலே தூக்கினாள். ஒரு கணம் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தூக்கச் சொல்றா, அவ்வளவுதான்" என்று நீ என் காதில் கத்தினாய். என்னால் தூக்க முடியவில்லை. அவள் கையை இறக்கவும் இல்லை. யாராவது தூக்கும்வரை அப்படியே வைத்திருந்தாள்.

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டிருந்தாய். வழக்கமான வரியை எழுதப் போனேன், அடித்துவிட்டேன்.

வலிக்கிறது மரிட். மூச்சு விடும்போதெல்லாம் வலிக்கிறது. பயமாகவும் இருக்கிறது. முடிந்தால் வா.

அப்பா